பொழி வெட்டிய அன்று ஒரு ஜலயாத்திரை

கூட்டத்தோடு சேர்ந்து ஊர் பார்க்கப் போவது எனக்கு என்றைக்குமே ஒத்துவராது. விசில் ஊதினால் ஏறு, மறுபடி ஊதினால் இறங்கு, எல்லோரும் பார்க்கும்போது பார், எல்லோரும் சாப்பிடும்போது சாப்பிடு என்றால் அதற்குப் பேசாமல் வீட்டிலேயே கிடக்கலாம். மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியாராக இருந்த காலத்தில், விடுமுறை விட்டதும் ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். புதுக்கடையிலிருந்து நடந்தே தேங்காய்ப்பட்டணத்துப் படகுத்துறைக்கு, எங்கள் பேச்சில் கடவுக்கு, போவேன். கொப்பரையோ கருப்பட்டியோ ஏற்றிக்கொண்டு குளச்சலுக்குப் போகிற வள்ளம் ஏதாவது நிற்கும். "வாத்தியாரே, வாறியளா?" என்று வள்ளக்காரர் கேட்டால் ஏறிக்கொள்வேன். கேட்காவிட்டாலும் ஏறிக்கொள்வேன். மூட்டைகளின்மேல் மல்லாந்து கிடந்தால் கால்வாயின் இரண்டு கரையிலும் தென்னந்தோப்பு மெதுவாக நகர்ந்து போகும். எங்கே இறங்கத் தோன்றுகிறதோ அங்கே இறங்குவேன்.

அப்படிச் சொன்னாலும், பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இறங்கத் தோன்றும். இனையத்துக்கு அப்பால் கால்வாய் வளைகிற இடத்தில், கடல் பக்கத்துக் கரையில், என் அக்காவின் வீடு இருந்தது. வீட்டுக்கு நேர் எதிரே கல்படி போட்ட ஒரு சின்னக் கடவு. நான் படியில் கால் வைக்கும்போதே அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "லே, வந்தியா?" என்பாள். மறுநொடி கிழங்கு வேக வைக்கப் பானை ஏறும்.

அந்தப் படியில் எங்கள் வீட்டிலிருந்து கால் வைத்தவன் நான் ஒருவன்தான். கல்யாணமான மறு வருஷம் அத்தான் எங்கள் சபையை விட்டு, புதிதாக வந்த வேறொரு சபையில் சேர்ந்துவிட்டார். சேர்ந்ததோடு நின்றிருந்தால் அப்பா நாலு நாள் முணுமுணுத்துவிட்டு விட்டிருப்பார். ஆனால் அத்தான் ஆற்றில் முங்கி மறுபடியும் ஞானஸ்நானம் எடுத்தார். அக்காவையும் எடுக்க வைத்தார். அப்பா எங்கள் சபையில் மூப்பர். கைக்குழந்தையாக இருந்த அக்காவைத் தூக்கிக்கொண்டு போதகர் முன்னால் நின்று முதல் ஞானஸ்நானம் கொடுக்க வைத்தவர் அவர். "அப்பம் நான் அண்ணைக்குச் செய்தது என்னதாம்? பிள்ளை விளையாட்டா?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். அவனுடைய மண்ணில் நம் வீட்டு ஆள் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அம்மாவை வேதப்புத்தகத்தின்மேல் கை வைத்து அதை ஒப்புக்கொள்ளவும் செய்தார். செய்தி அங்கே போனதும் அத்தானும் விடவில்லை, இங்கிருந்து யாரும் அங்கே போக வேண்டாம், அவர்களும் வரப்போவதில்லை என்று சொல்லி அனுப்பினார். என்னை மட்டும் இரண்டு பக்கமும் கணக்கில் எடுக்கவில்லை. ஊர் சுற்றுகிறவன் எந்த வீட்டில் கஞ்சி குடித்தான் என்று யார் கேட்கப் போகிறார்கள்!

அதற்குப் பிறகு அக்காவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். அப்பா கேட்டும் கேட்காதவர்போல வெளியே போய்விட்டார். அம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துத் துருவித் துருவிக் கேட்டாள். முடி உண்டா, பால் நன்றாகக் குடிக்குதா, ராத்திரி தூங்குதா. அம்மாவுக்கு அப்போதே இரண்டு கண்ணிலும் திரை விழத் தொடங்கியிருந்தது. கைக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பதை முகத்தருகே கொண்டுவந்து பார்த்துவிடுவாள். அதற்கு அப்பால் எல்லாம் நிறமும் அசைவும்தான். வாசலில் வருகிற ஆளைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பாள். குழந்தை தவழ்ந்தது, எழுந்து நின்றது, நடந்தது. அம்மாவின் கண் நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே போனது. "கண்ணு அணையுததுக்கு முன்ன ஒருக்கா கண்டிருந்தா கொள்ளாம்" என்று ஒருநாள் முறத்தில் அரிசியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவள் அதிகம் கேட்கிறவள் அல்ல. அதனால்தான் அந்தப் பேச்சு எனக்குள் கிடந்து உறுத்தியது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர், கிறிஸ்துமஸ் விடுமுறையில் சபையார் எல்லோரும் குடும்பத்தோடு ஒரு ஜலயாத்திரை போகலாம் என்று அறிவித்தார். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து குளச்சல் வரைக்கும் கால்வாய் வழியாக ஒரு பெரிய கெட்டுவள்ளத்தில் பயணம். அவரிடம் ஒரு விசில் உண்டு. பள்ளிக்கூடத்தில் எங்களை அதை வைத்துத்தான் ஆட்டிவைப்பார். காலை ஜெபம், கீர்த்தனை, வழியில் ஒரு வேதக்கோயிலில் சாயா, அங்கே சிறு பிரசங்கம், மறுபடி கீர்த்தனை, குளச்சலில் சாப்பாடு என்று ஒழுங்கு போட்டிருந்தார். ஆண்கள் முன்பக்கம், பெண்கள் ஓலைக் கூரைக்குக் கீழே. நினைத்த இடத்தில் இறங்கக் கூடாது. கேட்கும்போதே எனக்கு மூச்சு முட்டியது.

ஆனாலும் முதல் ஆளாகப் போய் எனக்கும் அம்மாவுக்கும் பேர் கொடுத்தேன். ஹெட்மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்த வள்ளம் அக்காவின் கடவை உரசிக்கொண்டு போகும் என்பது எனக்குத் தெரியும். அந்த வளைவில் எதிர்க்கரைப் பக்கம் ஆழம் கிடையாது, எந்த வள்ளமும் கடல் பக்கத்துக் கரையை ஒட்டித்தான் போயாக வேண்டும். சபை யாத்திரை என்பதால் அப்பா தடுக்க மாட்டார், அம்மாவும் பொய் சொல்ல வேண்டாம். மண்ணில் கால் வைக்க மாட்டேன் என்றுதானே அம்மா சொன்னாள். வள்ளத்தில் இருந்தபடியே கையை நீட்டினால் குழந்தையை வாங்கி மடியில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம். நான் இதைச் சொன்னபோது அம்மா அந்தத் தண்ணீரை மனதில் பார்த்தவள்போல, "வெள்ளம் யாருக்க மண்ணும் இல்லியே" என்றாள்.

அக்காவிடம் போய், இன்ன நாள் குழந்தையோடு கடவில் நில் என்று சொன்னேன். வள்ளக்காரர் தெரிந்தவர்தான், அந்த இடத்தில் கழியை ஊன்றிக் கொஞ்சம் அணைத்து நிறுத்துகிறேன் என்றார். எல்லாம் பேசி முடித்த பிறகு மழை பிடித்துக்கொண்டது. விடாத மழை. எங்கள் ஊர் ஆறு கடலில் சேருகிற வாயைக் கடல் மணலைத் தள்ளி அடைத்துவிடும். அந்த மணல்மேட்டைத்தான் பொழி என்போம். பொழி அடைந்திருந்ததால் மழைத்தண்ணீர் போக்கிடம் இல்லாமல் ஆறும் கால்வாயும் நிரம்பி, ஓரத்து வயல்களிலெல்லாம் ஏறி நின்றது. அப்பாவின் வயலும் முங்கிவிட்டது. வீட்டில் எல்லோரும் கவலையாக இருக்க, எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. தண்ணீர் உயர உயர வள்ளம் அக்காவின் மேல்படி வரைக்கும் போகும், அம்மா குனியக்கூட வேண்டாம் என்று கணக்குப் போட்டேன்.

யாத்திரை நாளன்று மழை விட்டு வெயில் அடித்தது. அப்பா விடியும் முன்பே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, "எனக்கு வயலில சோலி உண்டு, நீங்க போயிட்டு வாருங்க" என்று கிளம்பிவிட்டார். அம்மா வெள்ளைப் புடவை கட்டி, பேத்திக்கென்று தைத்த ஒரு சட்டையை மடியில் சொருகிக்கொண்டாள். மாட்டு வண்டியில் கடவுக்குப் போகும் வழியெல்லாம் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அம்மாவை அவ்வளவு சின்னப் பிள்ளையாக நான் பார்த்ததே இல்லை.

ஹெட்மாஸ்டர் விசில் ஊதினார். ஜெபம் ஆயிற்று, கீர்த்தனை ஆயிற்று, வள்ளம் நகர்ந்தது. கால்வாய் தளும்பிக்கொண்டு கிடந்தது. பெண்கள் கூட்டத்தில் அம்மாவை ஓரத்தில், கடல் பக்கம் பார்த்து உட்கார வைத்தேன். இடம் மாற்றக் கூடாது என்று ஹெட்மாஸ்டர் சொன்னார். அம்மாவுக்குத் தலை சுற்றும், காற்று வேண்டும் என்று சமாளித்தேன். பிறகு வழியில் இருந்த கோயிலில் வள்ளத்தை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். சாயா வந்தது. பிரசங்கமும் வந்தது. சிறு பிரசங்கம் என்று போட்டிருந்தார்களே தவிர, பிரசங்கியாருக்கு அது தெரியாதுபோல. நோவாவின் பேழை மழையில் மிதந்ததிலிருந்து தொடங்கி அது மலைமேல் தட்டுகிற வரைக்கும் விடவில்லை. கொப்பரை வள்ளமாக இருந்தால் இதற்குள் அக்கா வீட்டில் கிழங்கு தின்றுகொண்டிருப்போம் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரும்ப வந்து ஏறும்போது வள்ளம் நாங்கள் விட்டதைவிடத் தாழ்ந்து நின்றது. படியிலிருந்து குதித்துத்தான் ஏற வேண்டியிருந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வள்ளக்காரர் மட்டும் கரையில் தெரிந்த ஈரக் கோட்டைப் பார்த்துவிட்டு வேகமாகக் கழி ஊன்றத் தொடங்கினார். கொஞ்ச தூரம் போனதும் கரையிலிருந்து ஒருவர் கைகொட்டிக் கூப்பிட்டார். "ஓய்! பொழி வெட்டியாச்சு! வெள்ளம் இறங்குது!" ஆற்றோரத்து வயல்காரர்கள் ஒன்றுகூடி மணல்மேட்டில் வாய்க்கால் கீறிவிட்டார்களாம். கீறிவிட்டால் போதும், மிச்சத்தைத் தண்ணீரே அறுத்துக்கொள்ளும். கால்வாய்த் தண்ணீர் முழுக்கக் கடலைப் பார்த்து ஓடியது. அக்காவின் வளைவுக்கு ஒரு கூப்பிடு தூரம் இருக்கும்போது வள்ளத்தின் அடி சேற்றில் உட்கார்ந்தது. ஆண்கள் எல்லோரும் சேர்ந்து தள்ளியும் அசையவில்லை.

பலகை போட்டு எல்லோரையும் இறக்கினார்கள். பாதை இருந்தது நாட்டுப் பக்கத்துக் கரையில் என்பதால் அந்தப் பக்கம்தான் இறக்க முடிந்தது. அக்காவின் வீடு எதிர்க்கரையில். நடுவே கால்வாய் இருந்த இடத்தில் கறுத்த சேறு மினுங்கிக்கொண்டு கிடந்தது, நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர். நான் வேட்டியை மடித்துக்கட்டி இறங்கிப் பார்த்தேன். இரண்டாவது அடியிலேயே தொடை வரைக்கும் போய்விட்டது. வள்ளக்காரர் கழியை நீட்டி இழுத்துப் போட்டு, "சாவதுக்கா போறிய?" என்று திட்டினார். அந்தப் பகுதியில் பாலமும் கிடையாது.

ஹெட்மாஸ்டர் எல்லோரையும் எண்ணிக்கொண்டிருந்தார். சேறு வழிய அவர் முன்னால் போய் நின்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விசில்காரரிடம் கெஞ்சினேன். விஷயத்தை ஒளிக்காமல் சொன்னேன். அவர் அப்பாவோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவர், எதுவும் சொல்லலாம் என்று பயந்தேன். அவர் தூரத்து வளைவையும், மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மாவையும் பார்த்தார். "நாங்க இங்க ஜெபம் பண்ணிக்கிட்டு நிக்கோம். நீரு அம்மையக் கூட்டிட்டுப் போயிட்டு வாரும்" என்றார். பிறகு எல்லோரையும் தென்னை நிழலில் உட்கார வைத்து, கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கினார். அவ்வளவு நீண்ட ஜெபத்தை அவர் அதற்கு முன்னும் பின்னும் செய்ததில்லை. பசித்த குழந்தைகள் அழ அழ, பெரியவர்கள் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்க்கப் பார்க்க, நாங்கள் திரும்பி வருகிற வரைக்கும் அவர் ஆமென் சொல்லவே இல்லை என்று பிறகு சொன்னார்கள். அவரைப் பற்றி நான் செய்த கேலியெல்லாம் அன்றோடு நின்றது.

அம்மாவின் கையைப் பிடித்துக் கரையோரமாக நடத்திக் கூட்டிப்போனேன். நான் சொல்லியிருந்தபடியே அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைசிப் படியில் நின்றாள். தண்ணீர் போனதால் அந்தப் படிக்குக் கீழேயும் பாசி பிடித்த கற்கள் தெரிந்தன. எங்களைப் பார்த்ததும், "அம்மா!" என்று கூப்பிட்டாள்.

அம்மா நின்றுவிட்டாள். "ஏட்டி மக்கா" என்றாள். அது எதிர்க்கரைக்குக் கேட்டிருக்காது.

"சொகமா இருக்கியளா அம்மா?"

"நல்ல சொகம் மக்கா. நீ மெலிஞ்சா போன?"

அம்மாவுக்கு அது தெரிய வழியே இல்லை. இருந்தாலும் கேட்டாள். அக்கா இல்லை என்றாள். பிறகு இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். கோழி அடை வைத்ததைப் பற்றிப் பேசினார்கள். இத்தனை வருஷத்துப் பேச்சைச் சேற்றுக்கு மேலே கத்திச் சொல்ல முடியுமா? ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு கரையிலும் வேலை செய்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்கோ, இந்தப் பாழாய்ப்போன கால்வாய் ஒரு மணி நேரம் பொறுத்திருக்கக் கூடாதா என்றிருந்தது.

"பிள்ளையக் காட்டு மக்கா" என்றாள் அம்மா.

அக்கா குழந்தையை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கினாள். அம்மா முகமெல்லாம் சிரிப்பாக, "கண்டேன் மக்கா, கண்டேன்" என்று தலையை ஆட்டினாள். ஆனால் அம்மா பார்த்துக்கொண்டிருந்தது அக்காவை அல்ல. படிக்குச் சற்றுத் தள்ளித் துவைகல்லின்மேல் ஒரு சிவப்புத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. அந்த நிறத்தைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கும் அது புரிந்துவிட்டது. தூக்கிய கையை இறக்காமலே மெல்ல நகர்ந்து போய்த் துவைகல்லுக்கு முன்னால் நின்றுகொண்டாள். குழந்தை கால்களை உதைத்துச் சிரித்தது. அம்மா மறுபடியும், "கண்டேன்" என்றாள்.

அக்கா அம்மாவுக்காக முந்திரிக்கொத்துப் பலகாரம் செய்து ஒரு துணியில் கட்டி வைத்திருந்தாள். குழந்தையை இறக்கிவிட்டு அதை எறிந்தாள். நடுச்சேற்றில் விழுந்து மெதுவாக முங்கியது. என்ன சத்தம் என்று அம்மா கேட்டாள். நான் ஒன்றுமில்லை என்றேன். அப்போது வீட்டுக்குள்ளிருந்து அத்தான் வந்தார். கையில் இன்னொரு பொதி. எங்களைப் பார்க்காமல், கையை ஓங்கி எறிந்துவிட்டு வந்த வழியே உள்ளே போய்விட்டார். அது எங்கள் கரையில் அம்மாவின் காலடியில் வந்து விழுந்தது. எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"இது அவளுக்க எறியில்லியே. யாரு?"

"அத்தான்."

அம்மா பொதியைப் பிரித்து, நின்ற இடத்திலேயே ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மடியிலிருந்த சட்டையை என்னிடம் தந்து எறியச் சொன்னாள். நான் அதற்குள் ஒரு கல்லைச் சுற்றி எறிந்தேன், போய்ச் சேர்ந்தது. அக்கா அதைக் குழந்தையின் மேல் வைத்துப் பார்த்து, "சரியா இருக்கும்மா!" என்று கத்தினாள். அங்கிருந்து பார்க்கும்போதே அது சின்னதாகப் போயிருந்தது எனக்குத் தெரிந்தது.

வீடு திரும்பியபோது அப்பா கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். முழங்கால் வரை மணல். "பொழி வெட்டியாச்சு. வயலு தப்பிச்சு" என்றார், நெடுநாளைக்குப் பிறகு சிரித்த முகத்தோடு. "யாத்திரை எப்பிடி இருந்து?" அம்மா, "கொள்ளாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவரை என்ன சொல்ல முடியும்? அந்த நெல்லைத்தான் நாங்கள் வருஷம் முழுக்கச் சாப்பிட்டோம். பொழியை வெட்டினால் கால்வாய் வற்றும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்தத் தண்ணீரில் யாருக்கு என்ன இருந்தது என்று அவருக்கு நாங்கள் சொல்லவில்லையே.

அடுத்த மழைக்காலத்துக்குள் அத்தானுக்குச் சிலோனில் தோட்ட வேலை கிடைத்து மூன்று பேரும் கப்பலேறிவிட்டார்கள். அம்மாவின் கண்ணும் அந்த வருஷத்தோடு முழுதாக அணைந்துவிட்டது. நான் அதற்குப் பிறகும் அந்தக் கால்வாயில் எத்தனையோ தடவை மூட்டைமேல் மல்லாந்து போயிருக்கிறேன். அந்த வளைவு வரும்போது மட்டும் எழுந்து உட்கார்ந்துகொள்வேன். இறங்கத் தோன்றாது.

அன்று யாத்திரை அப்படி முடிந்து, மாட்டு வண்டியில் வீட்டுக்கு வரும்போது அம்மா என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "பிள்ளைக்கு யாருக்க முகம் மக்கா?"

"உங்களுக்க முகந்தான் அம்மா. நெத்தி, கண்ணு, தாடை எல்லாம் அப்பிடியே" என்றேன். அது உண்மை. அம்மாவின் மனத்தைத் தேற்றச் சொன்னதல்ல.

மறுநாள் காலையில் நான் சவரம் செய்யக் கண்ணாடியைத் தேடினேன். ஆணியில் இல்லை. அம்மா அதை எடுத்துக்கொண்டு போய் வெயில் விழுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி பார்க்கிற வழக்கமே அவளுக்குக் கிடையாது. மூக்கு இடிக்கிற அளவுக்கு அதை முகத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். நான் வந்த சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

"மக்கா, சின்னப் பிள்ளையில நான் எப்பிடி இருந்தேன்னு உனக்கிட்ட யாரெங்கிலும் சொல்லியிருக்காவளா?"

அம்மாவைக் குழந்தையாகப் பார்த்தவர்கள் ஒருவரும் அப்போது உயிரோடு இல்லை. "இல்லம்மா" என்றேன்.

அம்மா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.